இடியப்பமும் குளுட்டன் அற்ற நூடில்ஸும்

(மனைப்பொருளியல், விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்கான விளக்கக் கட்டுரை)



கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது ரொட்டிக்கும் பராட்டாவுக்கும் ஏற்றவாறு இழுபடும். அரிசி மாவை அவ்வாறே பச்சைத் தண்ணீரிற் குழைத்து இழுத்துப் பாருங்கள். உடனே பிளந்து உதிர்ந்துவிடும். எனினும் அந்த அரிசி மாவில்தான் எமது வீடுகளில் நூல் நூலாக இடியப்பம் பிழிகிறார்கள். இழுபடாத மா எவ்வாறு நூலாகிறது? இவ்வினாவுக்கு விடை தெரிந்தால் நூடில்ஸ், பாஸ்தா போன்றவற்றைக் கோதுமை இன்றி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இது ருசிக்காக மட்டும் அறியவேண்டிய விடயமன்று. சிலருடைய உடல் கோதுமையிலுள்ள ஒரு புரதத்தை ஏற்பதில்லை. அவர்களுக்கு ஒரு துண்டு பாண் கூடத் தீங்கு செய்யும். அத்தகைய ஒருவர் உங்கள் வீட்டுக்கு விருந்தினராக வந்தால், "இடியப்பம் தானே, பயமின்றிச் சாப்பிடுங்கள்" என்று சொல்ல முடியுமா? இக்கட்டுரையை வாசித்து முடித்தபின் நீங்களே விடை கூறுவீர்கள்.

1. குளுட்டன் என்றால் என்ன?

கோதுமை மாவிற் பெரும்பகுதி மாப்பொருளாகும். அத்துடன் கிளியடின், குளுட்டெனின் எனும் இருவகைப் புரதங்களும் உள்ளன. மாவுடன் நீர் சேர்த்துக் குழைக்கும்போது இவ்விரண்டும் பிணைந்து வலை போன்ற அமைப்பொன்றை உண்டாக்குகின்றன. இதுவே குளுட்டன் எனப்படும். கிளியடின் மாவுக்கு நீளும் தன்மையையும் குளுட்டெனின் மீளும் தன்மையையும் கொடுக்கின்றன. பாண் பொங்கி எழுந்து அமுங்காமல் நிற்பதும், நூடில்ஸ் கொதிநீரில் வெந்தும் அறுபடாமல் இருப்பதும் இவ்வலையினாலேயே.

குளுட்டனை முதன்முதலில் மாவிலிருந்து பிரித்துக் காட்டியவர் இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த யாக்கோப்போ பெக்காரி ஆவார். அவர் 1728இல் அறிவித்த இச்செய்தி 1745இல் அச்சில் வெளியாயிற்று. அவர் செய்த சோதனையை நீங்களும் வீட்டிற் செய்யலாம்.

செயற்பாடு:
(அ) 100 கிராம் கோதுமை மாவைச் சிறிது நீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து அரைமணி நேரம் மூடி வைக்கவும்.
(ஆ) அவ்வுருண்டையை ஒரு பாத்திர நீரில் வைத்து மெதுவாகப் பிசைந்து கழுவவும். நீர் பால் போல வெண்மையாகும். நீரை மாற்றி மாற்றி, அது தெளிவாகும் வரை கழுவவும்.
(இ) இறுதியிற் கையில் எஞ்சுவது றப்பர் போன்று இழுபடும் சாம்பல் கலந்த மஞ்சள் நிறப் பொருளாகும். ஈரத்துடன் நிறுத்தால் ஏறத்தாழ 25 முதல் 35 கிராம் வரை இருக்கும். இதுவே குளுட்டன்.
(ஈ) கழுவிய வெண்ணிற நீரில் ஓரிரு துளி அயடீன் கரைசல் இடவும். கருநீல நிறம் தோன்றும். ஆகவே நீருடன் வெளியேறியது மாப்பொருள் என அறியலாம்.

இதே சோதனையை அரிசி மாவிலும் செய்து பாருங்கள். கையில் எதுவும் எஞ்சாது. அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அது குளுட்டன் வலையை உண்டாக்கும் வகையைச் சேர்ந்ததன்று.

2. சீலியாக் நோய்

குளுட்டனால் உண்டாகும் முக்கியமான நோய் சீலியாக் நோயாகும். இந்நோயுள்ளவர் குளுட்டனை உண்ணும்போது அவருடைய நிர்ப்பீடனத் தொகுதி தனது சொந்தச் சிறுகுடலையே தாக்குகின்றது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. சடைமுளைகளின் தொழில், சமிபாடடைந்த உணவை அகத்துறிஞ்சுவதாகும் என்பது நீங்கள் கற்றதே. அவை தேய்ந்தால் நன்றாகச் சாப்பிட்டாலும் போசணை உடலிற் சேராது. வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், இரத்தச்சோகை, உடல் மெலிதல் என்பனவும், பிள்ளைகளில் வளர்ச்சி குன்றுதலும் ஏற்படலாம். சிலரில் வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு என மதிப்பிடப்படுகின்றது.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் சிறுவர் மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமையை நீக்கினால் நோயுற்ற பிள்ளைகள் தேறுவதை அவர் 1930களிலேயே கவனித்து வந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்திற் கடும் பஞ்சம் நிலவியது. பாண் கிடைக்கவில்லை. ஊரே பட்டினியால் வாடிய அக்காலத்தில் இந்நோயுற்ற பிள்ளைகள் மட்டும் தேறினர். மீண்டும் பாண் கிடைத்தபோது நோயும் திரும்பியது. டிக்கே தமது ஆய்வை 1950இல் வெளியிட்டார்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளுட்டன் அற்ற உணவை உண்பதே சிகிச்சையாகும். அவ்வாறு உண்டால் சிறுகுடல் படிப்படியாகத் தேறும். கோதுமையுடன் பார்லி, ரை ஆகிய தானியங்களையும் தவிர்த்தல் வேண்டும்.

கவனிக்க: நோய் இருக்குமோ என்ற ஐயத்தில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனையிற் சரியான முடிவு கிடைக்க வேண்டுமாயின் அக்காலத்தில் குளுட்டன் உள்ள உணவை உண்டுகொண்டிருத்தல் அவசியம். முதலில் மருத்துவரை நாடுங்கள். மேலும், நோயற்ற பெரும்பாலானோருக்குக் கோதுமை தீங்கான உணவன்று.

3. எமது மாவட்டத்தின் இரு மாக்கள்

திருகோணமலையில் வாழும் நாம் இவ்விரு மாக்களையும் மிக அருகிற் காண்கிறோம். இலங்கையிற் கோதுமை வர்த்தக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. வெளிநாடுகளில் விளைந்த கோதுமை மணிகள் கப்பல் மூலம் எமது துறைமுகத்துக்கு வருகின்றன. சீனக்குடாவிலுள்ள பிறிமா ஆலையில் அவை மாவாக்கப்பட்டு நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்படுகின்றன. இவ்வாலைக்கான ஒப்பந்தம் 1977இல் செய்யப்பட்டது. ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது.

மறுபுறத்தில் தம்பலகாமம், கந்தளாய், மூதூர் ஆகிய பகுதிகளின் வயல்களில் நெல் விளைகின்றது. பாணும் ரொட்டியும் துறைமுகத்தின் வழியாக வந்த உணவுகள் எனின், இடியப்பமும் பிட்டும் வயலின் வழியாக வந்தவை எனலாம். 2022இல் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டபோது, உக்ரைன் போரும் சேர்ந்துகொள்ள, கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் பெருமளவு உயர்ந்தன. அரிசியின் விலையும் அவ்வேளை உயர்ந்ததெனினும் அது எம் மண்ணில் விளைவது. ஆகவே அரிசி மாவிற் பலவகை உணவு செய்யத் தெரிந்திருப்பது நோயாளருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் பயனுள்ளதாகும்.

4. கொதிநீர் செய்யும் வேலை

இப்பொழுது முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். குளுட்டன் இல்லாத அரிசி மா எவ்வாறு நூலாக நிற்கின்றது?

மாப்பொருள் நுண்ணிய மணிகளாக உள்ளது. பச்சைத் தண்ணீரில் இம்மணிகள் கரைவதில்லை, பெரிதாக வீங்குவதுமில்லை. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 65 முதல் 80 பாகை செல்சியஸ் வரை உயரும்போது அவை நீரை உறிஞ்சி வீங்குகின்றன. மாப்பொருளின் ஒரு பகுதி வெளியே கசிந்து பசையாகின்றது. இம்மாற்றம் மாப்பொருள் பசையாதல் எனப்படும். கஞ்சி தடிப்பதும் இதனாலேயே.

அரிசி மாவுக்குக் கொதிநீர் விடும்போது மாவின் ஒரு பகுதி பசையாகி, எஞ்சிய மாவை ஒட்டிப் பிடிக்கின்றது. ஆகவே உரலின் துளை வழியே நூலாக இறங்குகின்றது. பின்னர் நீராவியில் அவியும்போது எஞ்சிய மாவும் வெந்து நூல் உறுதியாகின்றது. சுருக்கமாகக் கூறின், கோதுமை நூடில்ஸைப் பிடித்து வைப்பது புரதம். இடியப்பத்தைப் பிடித்து வைப்பது பசையான மாப்பொருள்.

காலையில் மென்மையாக இருந்த இடியப்பம் இரவில் விறைப்பாவது ஏன்? ஆறும்போது மாப்பொருள் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி ஒழுங்காக அடுக்கமைகின்றன. அதனால் விறைப்பு உண்டாகின்றது. நீராவியில் மீண்டும் சூடாக்கினால் மென்மையாகும்.

5. செய்முறை ஒன்று: அரிசி மா இடியப்பம்

மா தயாரித்தல்:
(அ) 500 கிராம் சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி 3 மணி நேரம் ஊறவிடவும்.
(ஆ) நீரை நன்கு வடித்து, இடித்தோ அரைத்தோ மாவாக்கி, அரிதட்டில் அரிக்கவும்.
(இ) தாச்சியில் இட்டு மெல்லிய நெருப்பில் கைவிடாது கிளறி வறுக்கவும். மாவைக் கிள்ளிக் கோலம் இடுவது போல விட்டால் கட்டிப்படாமல் இழையாக விழ வேண்டும். அதுவே பதம். கருக விடக்கூடாது.
(ஈ) ஆறவிட்டு மீண்டும் அரித்து, ஈரமற்ற மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கவும். வறுப்பதால் ஈரம் நீங்குகின்றது. மா நெடுநாள் கெடாமல் இருக்கும்.

பிழிதல்:
(அ) 2 கோப்பை வறுத்த மாவுடன் அரைத் தேக்கரண்டி உப்புக் கலக்கவும்.
(ஆ) நன்கு கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பினாற் கிளறவும். மாவின் தன்மைக்கேற்ப 2 முதல் 2½ கோப்பை நீர் தேவைப்படும்.
(இ) கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, சூடு ஆறுமுன் உரலிலிட்டுத் தட்டுகளிற் பிழியவும்.
(ஈ) இட்டலிப் பானையில் 8 முதல் 10 நிமிடம் அவிக்கவும்.

பிழைகளும் காரணங்களும்:
நூல் அறுந்து அறுந்து விழுதல் - நீர் கொதிக்கவில்லை அல்லது போதவில்லை.
பிழிவது கடினமாதல் - மா ஆறிவிட்டது அல்லது நீர் குறைவு.
நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டுதல் - நீர் கூடிவிட்டது.

அரிசி மாவுடன் அரைப்பங்கு குரக்கன் மா சேர்த்தும் பிழியலாம். குரக்கனிலும் குளுட்டன் இல்லை. கல்சியமும் நார்ப்பொருளும் கூடுதலாகக் கிடைக்கும். நூடில்ஸ் போலச் சாப்பிட விரும்பினால் ஆறிய இடியப்பத்தை உதிர்த்து, மரக்கறி, முட்டை ஆகியவற்றுடன் தாச்சியிற் கிளறி எடுக்கவும். ஆறி விறைத்த இடியப்பமே இதற்கு ஏற்றது. சூடான இடியப்பம் குழைந்துவிடும்.

6. செய்முறை இரண்டு: வெட்டு நூடில்ஸ்

பாஸ்தா போன்று தட்டையான பட்டிகள் தேவையாயின் அரிசி மாவுடன் இன்னும் இரு பிணைப்புப் பொருள்கள் உதவும். ஒன்று மரவள்ளி மா. இது பசையாகும்போது ஓரளவு இழுபடும். மற்றது முட்டை. முட்டையின் புரதம் வேகும்போது இறுகிப் பட்டியை உடையாமற் காக்கும்.

தேவையானவை: அரிசி மா 1 கோப்பை, மரவள்ளி மா ½ கோப்பை, முட்டை 1, எண்ணெய் 1 தேக்கரண்டி, உப்புச் சிறிதளவு, கொதிநீர் ஏறத்தாழ ½ கோப்பை.

செய்முறை: அரிசி மாவுடன் உப்புச் சேர்த்துக் கொதிநீர் விட்டுக் கிளறி ஆறவிடவும். முட்டையையும் எண்ணெயையும் சேர்த்து, மரவள்ளி மாவைச் சிறிது சிறிதாக இட்டு, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசையவும். ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வைக்கவும். வாழையிலை இரண்டின் நடுவே வைத்து 2 மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டிப் பட்டிகளாக வெட்டவும். உப்பிட்ட கொதிநீரில் 3 முதல் 4 நிமிடம் வேகவிட்டு, மேலே மிதந்ததும் வடிக்கவும். சூடான மாவில் முட்டையை ஊற்றினால் அது உடனே வெந்து கட்டியாகிவிடும் என்பதை மறவாதீர்கள்.

7. அவித்த மா பற்றிய தவறான எண்ணம்

இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுவாகும். எமது பகுதிகளிற் பல வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இடியப்பத்துக்கு அவித்த கோதுமை மாவைச் சேர்ப்பது வழக்கம். சிலர் முழுவதுமே அவித்த கோதுமை மாவிற் பிழிவர். கோதுமை மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்தபின் அது இழுபடுவதில்லை. இடியப்பமும் பிட்டும் மென்மையாக வருகின்றன. "அவித்தால் பசைத்தன்மை போய்விடுகிறது, ஆகவே குளுட்டனும் போய்விட்டது" எனச் சிலர் எண்ணுகின்றனர். இது தவறாகும்.

வெப்பத்தினால் புரதத்தின் உருவம் மாறுகின்றது. இது புரதம் இயல்பழிதல் எனப்படும். உருவம் மாறியதால் வலை உண்டாவதில்லை. ஆனால் புரதச் சங்கிலி அங்கேயே இருக்கின்றது. முறுக்கிய கயிற்றின் முறுக்கைக் குலைத்துவிட்டால் கயிறு போய்விடும், நார் போகாது. நோயாளரின் உடல் எதிர்ப்பது அந்த நாரையே. ஆகவே அவித்த மாவும், வறுத்த கோதுமை மாவும், வெந்த பாணும் அவருக்கு ஒரேயளவு தீங்கானவை.

எவ்வளவு கலந்தால் ஆபத்து? சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளுட்டன் உள்ளதையே குளுட்டன் அற்றது எனக் கூற அனுமதிக்கின்றது. ஒரு கணக்குச் செய்வோம். கோதுமை மாவில் நூற்றுக்கு 8 பங்கு குளுட்டன் எனக் கொண்டால், கால் கிராம், அதாவது 250 மில்லிகிராம், கோதுமை மாவில் 20 மில்லிகிராம் குளுட்டன் உண்டு. ஆகவே ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் கோதுமை மா கலந்தாலே எல்லை எட்டப்பட்டுவிடும். இது ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அரிதட்டின் கண்களிலும் உரலின் துளைகளிலும் ஒட்டியிருக்கும் மாவே போதும்.

எனவே சீலியாக் நோயாளருக்குச் சமைக்கும்போது:
- அரிதட்டு, உரல், தட்டுகள் ஆகியவற்றைத் தனியாக வைத்திருக்கவும்.
- கோதுமை அரைக்கும் ஆலையில் அரிசியை அரைக்கக் கொடுக்காது, வீட்டிலேயே அரைக்கவும்.
- மாவைக் கோதுமை மாவுக்கு அருகிற் திறந்து வைக்க வேண்டாம்.
- கடையில் இடியப்பம் வாங்கினால் என்ன மா எனக் கேட்டறியவும், ஐயமிருப்பின் தவிர்க்கவும்.

8. மறைந்திருக்கும் கோதுமை

ரவை, சேமியா ஆகியவை கோதுமையே எனப் பலர் அறிவதில்லை. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே தயாரிக்கப்படுகின்றது. ஆகவே இடியப்பத்தைக் கிளறும்போது அதனை ஊற்றினால் உங்கள் முயற்சி வீணாகிவிடும். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா சேர்க்கப்படுவதுண்டு. மோல்ட் பானங்களில் பார்லி உண்டு. கட்லட், ரோல்ஸ் ஆகியவற்றின் மேற்புறத்தில் பாண் தூள் உண்டு. பொதியின் முன்புறத்தில் "அரிசி நூடில்ஸ்" என்றிருந்தாலும் பின்புறத்திலுள்ள சேர்மானப் பட்டியலை முழுமையாக வாசித்தல் வேண்டும். யப்பானியரின் சோபா நூடில்ஸும் இவ்வாறானதே. அது குளுட்டன் அற்ற பக்வீற் மாவில் ஆனதெனினும், நூல் அறாமலிருக்க அதிற் கோதுமை மாவும் பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றது. உணவின் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

9. மாதிரி வினா விடை

வினா 1: அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரிற் குழைத்து இடியப்பம் பிழிய முடியாதது ஏன்?
விடை: அரிசி மாவில் குளுட்டன் இல்லை. பச்சைத் தண்ணீரில் மாப்பொருள் பசையாவதுமில்லை. எனவே மாவை ஒட்டிப் பிடிக்க எதுவும் இல்லாது நூல் உதிர்ந்துவிடும்.

வினா 2: சீலியாக் நோயுள்ள பிள்ளை போதியளவு உண்டும் மெலிவதற்குக் காரணம் யாது?
விடை: சிறுகுடற் சடைமுளைகள் தேய்வதால் அகத்துறிஞ்சும் மேற்பரப்பு குறைகின்றது. ஆகவே போசணைப் பொருள்கள் குருதியைச் சென்றடைவது குறைகின்றது.

வினா 3: "அவித்த கோதுமை மா குளுட்டன் அற்றது." இக்கூற்றை ஆராய்க.
விடை: கூற்று தவறானது. அவிக்கும்போது புரதம் இயல்பழிந்து இழுபடும் தன்மையை இழக்கின்றது. ஆனால் புரதம் மாவிலிருந்து வெளியேறுவதில்லை. எனவே அது நோயாளருக்குத் தொடர்ந்தும் தீங்கானது.

மாணவர்களே, மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது "தவறு" என்ற சொல்லுடன் நிறுத்திவிடாது காரணத்தையும் எழுதுங்கள். புள்ளி காரணத்துக்கே. பரீட்சை முடிந்தபின்பும் இக்காரணம் உதவும். இந்நோயுள்ள ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், "எந்த மாவிற் பிழிந்தது? எந்த உரலிற் பிழிந்தது?" என்று முதலிற் கேட்பவர் நீங்களாக இருங்கள்.